பழைய நாட்டுப்புற வீட்டைத் திறந்த, வெளிச்சமான வீடாக மாற்ற வேண்டும்: எந்தச் சுவரை எடுக்கலாம்?

கேள்வி: தாழ்வாரம்

அனைவருக்கும் வணக்கம்.

ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி, வயல்களுக்கு நடுவே நிற்கும் ஒரு பழைய வீடு எங்கள் குடும்பத்தின் பொறுப்புக்கு வந்திருக்கிறது. தாத்தா பிறப்பதற்கு முன்பே கட்டப்பட்டது என்பார்கள். அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் இன்று இருக்கும் நிலையில் அதில் குடியேறவும் முடியாது. நண்பகலில்கூட விளக்கைப் போட்டால்தான் உள்ளே புத்தகம் படிக்க முடிகிறது.

வீடு நீள்சதுர வடிவில், ஐந்து மீட்டர் அகலத்தில் இருக்கிறது. வெளிச்சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு 45 செ.மீ. தடிமனில் எழுப்பப்பட்டவை. உள்ளே மூன்று குறுக்குச் சுவர்கள் வீட்டை வரிசையாக நான்கு அறைகளாகப் பிரிக்கின்றன. முதல் குறுக்குச் சுவர் மட்டும் 23 செ.மீ. தடிமன்தான், பின்னாளில் யாரோ சேர்த்ததுபோல் தெரிகிறது. மற்ற இரண்டும் வெளிச்சுவரைப் போலவே தடித்தவை. மேலே மரச் சட்டங்களின் மீது பலகை பரப்பிய மச்சு இருக்கிறது. அதற்கும் மேலே மரக் கூரையும் ஓடும் இருக்கின்றன. ஒரு நீளப் பக்கத்தில் மட்டும் அறைக்கு ஒன்றாகச் சிறு ஜன்னல்கள் உள்ளன. அகலம் 60 செ.மீ., மேல் விளிம்பு தரையிலிருந்து 1.8 மீட்டர் உயரம். எதிர்ப்பக்கச் சுவரில் ஒரே ஒரு கதவுதான்.

முதல் மூன்று அறைகளையும் சேர்த்து, சமைக்கவும் சாப்பிடவும் உட்கார்ந்து பேசவும் ஏற்ற ஒரே பெரிய கூடமாக மாற்ற வேண்டும் என்பது எங்கள் விருப்பம். வந்து பார்த்த ஒரு கட்டட ஒப்பந்தக்காரர், இரண்டு சுவர்களையும் எடுத்துவிட்டு எஃகு உத்திரம் போட்டால் பத்து நாளில் வேலை முடிந்துவிடும் என்கிறார். மற்றொருவர், இவ்வளவு பழைய வீட்டில் ஆணிகூட அடிக்கக் கூடாது, மொத்தமாக இடித்துவிடுங்கள் என்கிறார். இருவருமே மச்சின் மேல் ஏறிப் பார்க்கவில்லை.

இன்னொரு கவலையும் உண்டு. ஜன்னல் இல்லாத பக்கச் சுவரின் உட்புறத்தில் பல ஆண்டுகளுக்கு முன் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். அந்தப் பூச்சு இடுப்பளவு உயரம் வரை உப்பிப் பெயர்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கிறது. சிமெண்டு பூசாத சுவர்களில் இந்தச் சிக்கல் இல்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

எந்தச் சுவரை எடுக்கலாம் என்பதை எப்படி அறிவது, வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவருவது, வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்: பாரந்தாங்கி

வணக்கம். நான் கட்டமைப்புப் பொறியாளராகப் பல ஆண்டுகள் பழைய கட்டடங்களில் வேலை செய்தவன். நேரில் பார்க்காமல் "இந்தச் சுவரை எடுங்கள்" என்று எவரும் சொல்லக் கூடாது, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு சுவர் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதை நீங்களே பெருமளவு கண்டுபிடிக்கலாம். அதைச் செய்துவிட்டுப் பொறியாளரை அழைத்தால் உங்கள் உரையாடலே வேறு தரத்தில் இருக்கும்.

முதலில் மச்சின் மேல் ஏறுங்கள். பலகையின் அடியில் உள்ள சட்டங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பாருங்கள். அவை வீட்டின் நீளவாக்கில் ஓடினால், அவற்றின் முனைகள் அநேகமாக உங்கள் குறுக்குச் சுவர்களின் மீதுதான் உட்கார்ந்திருக்கும். இரண்டு அறைகளின் சட்டங்கள் ஒரே சுவரின் மேல் வந்து சந்திக்கின்றன என்றால், அந்தச் சுவர் இரண்டு பக்கத்துச் சுமையையும் தாங்குகிறது என்று பொருள். அடுத்து, அந்தச் சுவர் மச்சோடு நின்றுவிடுகிறதா, கூரை வரை எழும்புகிறதா, கூரையின் சட்டம் எதுவும் அதன்மேல் முட்டுக் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

மெல்லிய சுவர் என்பதால் அது வெறும் தடுப்புத்தான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பின்னாளில் சேர்த்த தடுப்பாகவே இருந்தாலும், பல பத்தாண்டுகளில் மேலுள்ள மரம் மெல்லத் தொய்ந்து அதன்மேல் இறங்கி உட்கார்ந்திருக்கக் கூடும். கட்டியவர் நினைக்காத சுமையை அந்தச் சுவர் இன்று சுமந்துகொண்டிருக்கும். சுவரின் மேல் விளிம்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகட்டைச் செருகிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

இனி எடையைப் பற்றி ஒரு சிறு கணக்கு. செங்கற்கட்டு கனமீட்டருக்கு ஏறத்தாழ 1,900 கிலோ எடை உள்ளது. உங்கள் தடித்த சுவர் 5 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் இருக்குமானால், அந்த ஒரு சுவரின் எடையே 13 டன்னை நெருங்கும். அதன்மேல் இருப்பது தனி. இதுவரை இந்தச் சுமை முழுதும் சுவரின் அடி நீளமெங்கும் பரவி மண்ணுக்குள் இறங்கியது. நீங்கள் சுவரை எடுத்து உத்திரம் போட்ட மறுகணமே, மேலிருந்து வரும் சுமையெல்லாம் உத்திரத்தின் இரண்டு முனைகளில் குவிகிறது. பழைய வீடுகளின் அஸ்திவாரம் பெரும்பாலும் படிப்படியாக அகலப்படுத்திய ஆழமற்ற செங்கற்கட்டு. ஒரே இடத்தில் குவியும் சுமைக்காக அது அமைக்கப்படவில்லை. பத்து நாளில் முடிக்கிறேன் என்று சொன்னவர் இந்த இரண்டு புள்ளிகளையும் பற்றி ஏதாவது சொன்னாரா என்று யோசித்துப் பாருங்கள். உத்திரத்தின் முனை சுண்ணாம்புச் சாந்துக் கட்டின்மேல் நேரடியாக உட்காரக் கூடாது. சுமையைப் பரப்பும் கான்கிரீட் கட்டையோ அகலமான கருங்கல்லோ கீழே இருக்க வேண்டும்.

திறப்பின் அகலத்திலும் நிதானம் தேவை. ஒரே உத்திரத்தின் மீது மீட்டருக்கு ஒரே அளவு சுமை இருக்கும்போது, திறப்பின் அகலத்தை இருமடங்காக்கினால் உத்திரத்தின் தொய்வு பதினாறு மடங்காகிறது. இரண்டரை மீட்டர் திறப்புக்கும் ஐந்து மீட்டர் திறப்புக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவு பெரியது. எனவே சுவர் முழுவதையும் எடுப்பதற்குப் பதிலாக, இரு பக்கமும் ஒரு மீட்டருக்கு மேல் சுவரை விட்டுவைத்து நடுவில் மட்டும் திறப்பு வைப்பதையே நான் எப்போதும் பரிந்துரைப்பேன். அப்படி விட்டுவைக்கும் பகுதிக்கு இன்னொரு வேலையும் உண்டு. நீளமான வெளிச்சுவரைக் காற்றோ நில அதிர்வோ பக்கவாட்டில் தள்ளும்போது அதைப் பிடித்து நிறுத்துவது இந்தக் குறுக்குச் சுவர்கள்தான். ஒரு குறுக்குச் சுவர் மேலிருந்து எதையும் தாங்கவில்லை என்று தெரிந்தாலும், இந்தப் பிடிப்பை இழக்கலாமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எச்சரித்துவிடுகிறேன், ஏனெனில் வெளிச்சம் வேண்டும் என்பவர்கள் அடுத்ததாகச் செய்யும் பிழை அதுதான். மச்சை அகற்றிக் கூரை வரை திறந்துவிட்டால் அழகாக இருக்கும் என்று தோன்றும். சாய்வான கைமரங்கள் இரண்டும் தம் எடையால் விரிந்து வெளிச்சுவர்களை வெளியே தள்ளப் பார்க்கும். அவற்றின் அடியைக் கிடையாக இணைத்துப் பிடித்திருக்கும் மரம்தான் அந்தத் தள்ளலைத் தடுக்கிறது. தலையில் இடிக்கிறது, பார்வையை மறைக்கிறது என்று அதை அறுத்தெறிந்த வீடு ஒன்றில், சுவரின் தலை நான்கு விரற்கடை வெளியே சாய்ந்திருந்ததை நான் அளந்திருக்கிறேன். கூரையைத் திறக்கத்தான் வேண்டுமென்றால், அந்த மரத்துக்குப் பதிலாக எஃகுக் கம்பியைக் கணக்கிட்டுப் பூட்டிய பிறகே மரத்தின்மேல் கை வைக்க வேண்டும்.


பதில்: சுதைப்பூச்சு

பாரந்தாங்கி ஐயா சுவரின் எலும்பைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் அதன் தோலைப் பற்றிச் சொல்கிறேன். சுண்ணாம்புப் பூச்சு வேலையே என் தொழில்.

சிமெண்டு பூசிய சுவர் மட்டும் கெட்டுப்போனதில் வியப்படைய ஒன்றுமில்லை. இன்று நாம் பயன்படுத்தும் போர்ட்லாந்து சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824-இல்தான். அது நாட்டுப்புறக் கட்டடங்களுக்கு வந்துசேர இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. அதற்கு முன் எழுந்த சுவர்கள் ஈரத்தை வெளியே நிறுத்தும் தத்துவத்தில் கட்டப்பட்டவை அல்ல. மண்ணிலிருந்து கொஞ்சம் ஈரம் ஏறும், மழையில் கொஞ்சம் உறிஞ்சும், வெயிலிலும் காற்றிலும் அதைத் திருப்பி விட்டுவிடும். சுண்ணாம்புச் சாந்தும் சுண்ணாம்புப் பூச்சும் நுண்துளைகள் நிறைந்தவை என்பதால் இந்தப் போக்குவரத்து தடையின்றி நடக்கிறது. அதன்மேல் இறுகிய சிமெண்டைப் பூசும்போது ஈரம் வெளியேறும் வழி அடைபடுகிறது. அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சுக்குப் பின்னால் உப்பைப் படிகமாக்கி, அந்தப் படிகம் பெருத்துப் பூச்சையே தள்ளிவிடுகிறது. உங்கள் வீட்டில் இடுப்பளவு உயரத்தில் நீங்கள் பார்ப்பது அதைத்தான். அந்தச் சுவருக்குள் மச்சுச் சட்டங்களின் முனைகள் ஏதேனும் புதைந்திருந்தால் அவற்றைக் கட்டாயம் சோதியுங்கள். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை அழுகலுக்கு வழி ஏற்படுகிறது. சுவருக்குள் இருக்கும் முனை அழுகுவது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. கூர்மையான திருப்புளியால் குத்திப் பாருங்கள். எதிர்ப்பில்லாமல் உள்ளே இறங்கினால் அந்த முனை போய்விட்டது.

வரிசையைக் கேட்டீர்கள். கூரையும் மழைநீர் வடிகாலும் முதலில். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. மேலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருக்கும் வீட்டில் உள்ளே செய்யும் எந்த வேலையும் வீண். அடுத்து, வீட்டைச் சுற்றியுள்ள மண்ணின் மட்டத்தைப் பாருங்கள். பழைய வீடுகளில் ஆண்டுக்கணக்கில் மண்ணும் குப்பையும் சேர்ந்து, வெளித்தரை உள்தரைக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ உயர்ந்திருக்கும். வெளிமட்டம் உள்தரையைவிட ஒரு சாணாவது தாழ்ந்திருக்கும்படி வெட்டி, நீர் சுவரைவிட்டு விலகி ஓடும்படி சாய்வு கொடுத்தாலே பாதி ஈரம் குறைந்துவிடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு சிமெண்டுப் பூச்சை உளியால் மெல்லக் கொத்தி எடுங்கள்; அதிர்வு இயந்திரம் வைத்தால் செங்கல்லின் முகமும் சேர்ந்து பெயர்ந்துவிடும். எடுத்த பிறகு காத்திருக்க வேண்டும். ஈரச் சுவர் 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மாதம் என்ற வேகத்தில் உலரும் என்பது எங்கள் தொழிலில் சொல்லும் தோராயக் கணக்கு. உங்கள் 45 செ.மீ. சுவருக்கு அது எவ்வளவு காலம் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். முழுதும் உலரும் வரை வீட்டைப் பூட்டிவைக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புப் பூச்சு என்றால் சுவர் அதன் வழியாகவே தொடர்ந்து உலரும். ஆனால் சிமெண்டை எடுத்த வாரத்திலேயே புதிய பூச்சையும் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் வண்ணத்தையும் அடித்துவிடும் அவசரம் கூடாது.

சுண்ணாம்புப் பூச்சு காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சித்தான் இறுகுகிறது. அதனால் அது மெதுவான வேலை. 10 மி.மீ. அளவுக்கு மேல் தடிக்காத படலங்களாகப் பூசி, ஒவ்வொன்றையும் சில நாள் ஈரச் சாக்கால் மறைத்து, வெயிலிலும் காற்றிலும் சட்டென்று காய்ந்துவிடாமல் காக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரையும் அந்த வேலைக்கு விடாதீர்கள். ஈரச் சுண்ணாம்பின் காரத்தன்மை கண்ணை நிரந்தரமாகக் கெடுக்கக் கூடியது. அதேபோல் கதவு, ஜன்னல்களில் பழைய வண்ணம் இருந்தால் அதில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்காமல் உலர்வாகத் தேய்க்கக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது மிக முக்கியம்.

பூச்சை முழுவதுமாக உரித்துச் செங்கல்லை அப்படியே காட்டினால் நாட்டுப்புற அழகு வரும் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். பழைய கட்டடங்களின் பூச்சைச் சுரண்டி எடுக்கும் வழக்கத்தை எதிர்த்துத்தான் ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் 1877-இல் பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கத்தையே தொடங்கினார். அந்தச் செங்கல் பூச்சுக்குள் இருப்பதற்காக அடுக்கப்பட்டது. அது தூசி உதிர்க்கும். உங்களுக்கு வேண்டிய வெளிச்சத்தையும் விழுங்கிவிடும்.


பதில்: பகலொளி

கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வரியிலிருந்தே நான் தொடங்குகிறேன். வீட்டு வடிவமைப்பில் பகல் வெளிச்சத்தைக் கணக்கிடுவது என் வேலை. நீங்கள் இரண்டு விருப்பங்களை ஒன்றாகச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள்: திறந்த வீடு, வெளிச்சமான வீடு. இவை இரண்டும் ஒன்றல்ல. உங்கள் வீட்டில் ஜன்னல்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் இருப்பதால், இரண்டு குறுக்குச் சுவர்களையும் எடுத்துவிட்டாலும் எதிர்ப்பக்கம் இருண்டே இருக்கும். மூன்று இருட்டறைகளுக்குப் பதில் ஒரு பெரிய இருட்டுக் கூடம் கிடைக்கும்.

ஒரு பகல் முழுவதும் அந்த வீட்டில் இருந்து பாருங்கள். ஒவ்வொரு அறையிலும் உட்காரும் உயரத்தில் கண்ணை வைத்து, ஜன்னலிலிருந்து பின்னால் நகர்ந்துகொண்டே போய், எந்த இடத்தில் வானம் பார்வையிலிருந்து மறைகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு அப்பால் கிடைப்பது சுவரிலும் தரையிலும் பட்டுத் தெறித்த வெளிச்சம் மட்டுமே. பொதுவாக, ஜன்னலின் மேல் விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆழம் வரைதான் பயன்படத்தக்க வெளிச்சம் உள்ளே வரும். உங்கள் மேல் விளிம்பு 1.8 மீட்டர் என்றால் வெளிச்சம் மூன்றரை மீட்டர் வரை வரும். மிச்சம் ஒன்றரை மீட்டர் இருட்டு. அதே ஜன்னலை 2.3 மீட்டர் வரை உயர்த்தினால் அந்த ஐந்து மீட்டரில் பெரும்பகுதி உள்ளடங்கிவிடும். ஜன்னலின் அடியைத் தாழ்த்தினால் வெளியே உள்ள காட்சி நன்றாகத் தெரியும், ஆனால் அறையின் ஆழத்துக்கு அது அதிகம் உதவாது. உயர்த்துவதற்கு, திறப்புக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் புதிய லிண்டல் வேண்டும். அதைப் பாரந்தாங்கி ஐயாவைப் போன்ற ஒருவரிடம் விட்டுவிடுங்கள்.

தடித்த சுவரைப் பலர் குறையாக நினைக்கிறார்கள். எனக்கு அது கொடை. ஜன்னலின் உட்பக்கச் சுவர்களைச் செங்கோணமாக விடாமல் 45 பாகை சாய்வாகச் செதுக்கினால், வெளியே 60 செ.மீ. அகலமுள்ள அதே ஜன்னல் உள்முகத்தில் 150 செ.மீ. அகலத்துக்கு விரிகிறது. ஜன்னல் சட்டத்தை வெளிமுகத்தை ஒட்டி வைக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அந்தச் சாய்ந்த வெள்ளைப் பரப்பு வெளிச்சத்தை வாங்கி அறைக்குள் திருப்பும். பளிச்சென்ற ஜன்னலுக்கும் அதையொட்டிய இருண்ட சுவருக்கும் இடையே கண்ணைக் கூசவைக்கும் வேறுபாடும் தணிந்துவிடும். பழைய கோட்டைகளிலும் வழிபாட்டுக் கட்டடங்களிலும் சிறிய ஜன்னல்கள் எப்படிப் பெரிய அறைகளுக்கு ஒளியூட்டின என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். உட்புறத்தில் மட்டும் லிண்டலை நீட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது, ஜன்னல் இல்லாத பக்கம். அங்கே ஒரு ஜன்னலாவது திறந்தே ஆக வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் வரும் அறையில் மனித முகங்கள் நன்றாகத் தெரியும், நிழல்கள் மென்மையாகும், காற்றும் ஊடுருவும். கூரையில் கண்ணாடி வைப்பதும் நல்ல வழிதான். மேகம் மூடிய வானத்தில் உச்சி, அடிவானத்தைப்போல் மூன்று மடங்கு பிரகாசமாக இருக்கும். எனவே மேல்நோக்கிய சிறு கண்ணாடிகூட நிறைய ஒளியைத் தரும். ஆனால் அது கோடைச் சூரியனையும் நேராக உள்ளே விடும். உச்சிவெயில் படாத சரிவில் வையுங்கள். மறைப்பும் கண்ணாடிக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே இருந்தால் வெப்பம் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது.

சுவரின் நிறத்தை அலங்காரம் என்று எண்ணாதீர்கள், அது கருவி. நல்ல சுண்ணாம்பு வெள்ளை தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். ஜன்னலில் நுழைந்த ஒளி மூன்று முறை சுவரில் பட்டுத் தெறித்து மூலைக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், பாதி மிஞ்சியிருக்கும். 50 விழுக்காடு மட்டுமே திருப்பும் நடுத்தர நிறமாக இருந்தால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். மச்சுப் பலகையின் அடிப்பாகம் காலத்தால் கறுத்திருக்கும் என்று நினைக்கிறேன். சட்டங்களை மர நிறத்திலேயே விட்டுவிட்டு, அவற்றுக்கு இடையே உள்ள பலகைக்கு மட்டும் வெள்ளை அடித்தால், மரத்தின் அழகும் கெடாது, வெளிச்சமும் இறங்கிவரும்.

திறந்த கூடம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் நினைவில் வைப்பது நல்லது. சுவர்களை விருப்பப்படி வைக்கலாம், வைக்காமலும் விடலாம் என்று கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே 1920-களில் எழுதியபோது, சுமையைத் தூண்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன என்பதே அதற்கு அடிப்படையாக இருந்தது. உங்கள் வீட்டில் தூண்கள் இல்லை, சுவர்தான் வீடு. இந்த வகை வீட்டுக்கு வேறு முன்னோடிகள் உண்டு. லண்டனில் லிங்கன்ஸ் இன் சதுக்கத்தில் கட்டடக் கலைஞர் ஜான் சோன் தமக்காகக் கட்டிக்கொண்ட வீட்டில் அறைகள் சிறியவைதான். ஆனால் மேலிருந்து வரும் ஒளியையும், நூற்றுக்கும் மேற்பட்ட ஆடிகளையும், ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குள் ஊடுருவும் பார்வையையும் கொண்டு, 1812-ஐ ஒட்டிய அந்தக் காலத்திலேயே அவற்றை விரிந்தவையாக உணரவைத்தார். உங்கள் குறுக்குச் சுவர்களின் திறப்புகளை ஒரே நேர்க்கோட்டில் அமைத்து, கோட்டின் இறுதியில் ஒரு ஜன்னலை வைத்துப் பாருங்கள். வீட்டின் முழு நீளமும் கண்ணுக்குத் தெரியும்போது, நடுவில் சுவர் மிச்சமிருப்பது குறையாகவே தோன்றாது.


பதில்: நடுச்சுவர்

எனக்குத் தொழில் அறிவு இல்லை. அனுபவம் மட்டும் உண்டு. இதேபோன்ற வீட்டில் நாங்கள் எல்லாக் குறுக்குச் சுவர்களையும் எடுத்தோம். பொறியாளரின் மேற்பார்வையில் முறையாகவே செய்தோம், இதுவரை ஒரு விரிசல்கூட இல்லை. ஆனால் வாழத் தொடங்கிய பிறகுதான் சில உண்மைகள் புரிந்தன.

முதலாவது, சத்தம். கடினமான தரை, பூசிய சுவர், உயரமான மேற்கூரை என்று எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. சமையலிடத்தில் பாத்திரம் விழுந்தால் மறுகோடியில் உறங்கும் குழந்தை எழுந்துவிடுகிறது. ஒருவர் தொலைபேசியில் பேசும்போது மற்றவர் படிக்க முடிவதில்லை. இரண்டாவது, வெப்பநிலை. தடித்த உட்சுவர்கள் பகல் வெப்பத்தை மெல்ல வாங்கி மெல்ல விடுவதால் வீட்டைச் சீராக வைத்திருந்தன. அவற்றை எடுத்த பிறகு வெயிலும் குளிரும் விரைவாகத் தெரிகின்றன. மூன்றாவதாக, சாய்த்துவைக்கச் சுவரில்லாமல் அலமாரிகள் நடுத்தரையில் நிற்கின்றன.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், சமையலிடத்துக்கும் கூடத்துக்கும் நடுவே மரச்சட்டத்தில் கண்ணாடி பதித்த தடுப்பையும் சறுக்குக் கதவையும் வைத்தோம். வெளிச்சம் அப்படியே வருகிறது, சத்தமும் புகையும் நின்றுவிட்டன. முதலிலேயே சுவரில் ஓர் அகலத் திறப்பை மட்டும் வைத்திருந்தால், இந்தச் செலவும் இடிபாட்டை அள்ளிக் கொட்டிய அந்த வாரங்களும் மிஞ்சியிருக்கும். எடுத்த சுவரைத் திரும்ப வைப்பது எளிதல்ல என்பதை மனதில் வைத்து, முதலில் ஒரு சுவரோடு நிறுத்தி, ஓராண்டு வாழ்ந்துபார்த்த பிறகு அடுத்ததைப் பற்றி முடிவு செய்யுங்கள்.


மறுமொழி: தாழ்வாரம்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த வாரம் மூன்று நாள் அந்த வீட்டிலேயே தங்கி, நீங்கள் சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

மச்சுச் சட்டங்கள் நீளவாக்கில்தான் ஓடுகின்றன. இரண்டாவது குறுக்குச் சுவரின் மேல், இரு பக்கத்துச் சட்டங்களும் வந்து சந்திக்கின்றன. ஒவ்வொன்றும் சுவரின் மீது ஒரு சாண் அளவுதான் உட்கார்ந்திருக்கிறது. ஒப்பந்தக்காரர் எடுக்கச் சொன்ன இரண்டில் அதுவும் ஒன்று. முதல் குறுக்குச் சுவரைச் சட்டங்கள் தொடாமலே கடந்து செல்கின்றன; தகடு எல்லா இடத்திலும் தடையின்றிச் சென்றது, ஒரே ஒரு சட்டத்தின் அடியில் மட்டும் செல்லவில்லை. வானம் மறையும் கோட்டைத் தரையில் போட்டபோது, நாங்கள் சாப்பாட்டு மேசையை வைக்க நினைத்திருந்த இடம் முழுதும் கோட்டுக்கு அப்பால் இருந்தது. இதை வரைபடத்தில் நான் ஒருபோதும் கண்டிருக்க மாட்டேன்.

வெளியே மண் உள்தரையைவிட நான்கு விரற்கடை உயர்ந்திருக்கிறது, அதுவும் சிமெண்டு பூசிய அந்தச் சுவரின் பக்கத்தில். எனவே கூரையையும் மண்ணையும் முதலில் சரிசெய்யப் போகிறோம். மெல்லிய சுவரை எடுப்பதையும், தடித்த சுவரில் நடுவில் 2.4 மீட்டர் திறப்பு மட்டும் வைப்பதையும், எதிர்ப்பக்கத்தில் இரண்டு ஜன்னல்கள் திறப்பதையும் பொறியாளரிடம் கேட்க எண்ணியிருக்கிறோம். தகடு செல்லாத அந்த ஒரு சட்டத்தை மட்டும் என்ன செய்வது?


பதில்: பாரந்தாங்கி

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். அந்தச் சட்டம் மற்றவற்றைவிட அதிகமாகத் தொய்ந்திருக்கிறது என்று பொருள். அதன் இரு முனைகளையும், சுவரின் மேல் உட்காரும் இடத்தையும் திருப்புளியால் குத்திச் சோதியுங்கள். நடுவில் நீளவாக்கில் பிளவு இருக்கிறதா என்றும் பாருங்கள். மரம் நலமாக இருந்தால், அதன் பக்கத்தில் புதிய சட்டத்தை முழு நீளத்துக்கும் சேர்த்துப் போல்ட்டால் பிணைப்பது வழக்கமான தீர்வு. தொய்வை ஒரே நாளில் நிமிர்த்த முயலாதீர்கள். பல ஆண்டுகளாக வளைந்த மரம் வேகமாகத் தூக்கினால் வெடிக்கும். இப்போதிருக்கும் நிலையிலேயே தாங்கிப் பிடித்தால் போதும்.

மெல்லிய சுவரை மேல் வரிசையிலிருந்து கீழ்நோக்கிக் கையால் பிரித்து எடுக்கச் சொல்லுங்கள், அதற்கு முன் அந்தச் சட்டத்தின் அடியில் சுவரின் இரு பக்கமும் முட்டுக் கொடுத்துவிடுங்கள். முட்டின் அடி வெறும் தரைக்கல்லில் நிற்காமல், சுமையைப் பரப்பும் தடித்த பலகையின் மேல் நிற்க வேண்டும். தடித்த சுவரில் வேலை தொடங்குமுன், திறப்பு வரும் இடத்துக்கு மேலேயும் இரு பக்கமும் உள்ள விரிசல்களின் மீது மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டி, தேதியை எழுதிவையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் அசைகிறது என்று பொருள். அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டுப் பொறியாளரை அழையுங்கள்.